வரேன்னு சொன்னவள்

என் நாத்தனாருக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இந்தக் கலர் உங்களுக்கு எடுபடல அண்ணி" என்பாள். சமையலில் உப்பு கூடிவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டும் விடுவாள். அப்படிப்பட்டவள் மேல்தான் அந்தப் புகார் வந்தது. ஞாபகம் மங்கிப்போன ஒரு பெரியவரிடம் தினமும் பொய் சொல்லி ஏமாற்றினாளாம்.

வீட்டில் அவளைக் குச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒட்டடைக்குச்சியின் சுருக்கம். என் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. தங்கை தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் தீரவில்லை. கல்யாணம் ஆகி, ஒரு பெண்ணையும் பெற்ற பிறகும் குச்சி குச்சிதான்.

நானும் அவரும் இந்த நாட்டுக்கு வந்து வெகு காலம் ஆகிறது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். அந்த இல்லத்திலேயே வயதானவர்களைப் பராமரிக்கும் படிப்பு சொல்லித் தருகிறார்கள், வெளிநாட்டுக்காரர்களும் சேரலாம் என்று நான்தான் பேச்சுவாக்கில் போனில் சொன்னேன். குச்சி அதைப் பிடித்துக்கொண்டாள். படுத்த படுக்கையாகக் கிடந்த தன் மாமனாரை முதுகில் ஒரு புண் வராமல் பார்த்தவள் அவள். "அண்ணி, எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். அதுக்குப் படிப்பே இருக்குன்னா படிக்கக் கூடாதா?" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவள் புருஷன் வயர்மேன். தங்கமான மனுஷன். "நீ போய்ப் படி. பாப்பாவை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பொண்டாட்டி படிக்கப் போகிறாள், புருஷன் ஜடை பின்னுகிறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் பின்னிய ஜடை முதலில் காதுக்குப் பக்கத்தில்தான் போய் முடிந்தது. பிறகு தேறிவிட்டார்.

படிப்பின் நிபந்தனை இதுதான். கடைசியில் செய்முறைத் தேர்வு. தேறினால் சான்றிதழும் நிரந்தர வேலையும் கிடைக்கும். ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு புருஷனையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம். தேறவில்லை என்றால் மறு வாய்ப்பு கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என்னோடும் அவள் அண்ணனோடும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அந்தத் தேர்வுக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள் குச்சி.

டீச்சரம்மா சொல்லிக் கொடுத்த முதல் பாடத்தை வீட்டிலும் ஓயாமல் ஒப்பிப்பாள். கதவைத் தட்டு. உன் பெயரைச் சொல். என்ன செய்யப் போகிறாய் என்று சொல். சம்மதம் வாங்கு, அதற்குப் பிறகு தொடு. கிளம்பும்போது கிளம்புவதாகச் சொல். "கடைசியா இருக்கிறதுதான் அண்ணி ரொம்பச் சுலபம். அதை நமக்கு யாராவது சொல்லித் தரணுமா?" என்று சிரிப்பாள்.

ஊரிலிருந்து போன் வரும். எங்களுக்குக் காலை என்றால் அவர்களுக்கு மாலை. வயர்மேன் எப்போதும் ஒரே குறையைத்தான் சொல்வார். "உன் பொண்ணு வாசல் லைட்டை அணைக்கவே விடமாட்டேங்குறா. ஊருக்கெல்லாம் லைட் போடுறவன் நான், என் வீட்டு லைட்டை என்னால அணைக்க முடியல. இருட்டுன்னா பயம் போல."

பாப்பா போனைப் பிடுங்குவாள். "அம்மா, எப்ப வர?"

"இதோ வந்துடுறேன்டா தங்கம்."

இல்லத்தில் குச்சிக்குக் கொடுத்திருந்த பெரியவர்களில் ஒருவரை நாங்கள் பஸ்காரர் என்போம். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர். இப்போது அவருக்கு நினைவு ஓட்டைப் பாத்திரம். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இருக்காது. குச்சியின் பெயரும் இருக்காது. "உயரப் பொண்ணு" என்பார். காலையில் சாதுவாக இருப்பார், குச்சி முகம் துடைத்துச் சட்டை மாட்டிவிட்டால் பச்சைப் பிள்ளை மாதிரி கை நீட்டுவார். சாயங்காலம் ஆனால் ஆளே மாறிவிடுவார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சாப்பாட்டைத் தொடமாட்டார். படுக்கக் கூப்பிட்டால் கையைத் தட்டிவிடுவார். மாலை ஷிப்டுக்காரர்கள் புலம்பித் தீர்த்தார்கள். சாந்தப்படுத்த மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டர் யோசிக்க ஆரம்பித்திருந்தார். ஏன் இப்படி என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

ஒரு சாயங்காலம், குச்சி வேலை முடிந்து கிளம்பிப் போன பிறகு, நான் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஜன்னல் வழியாகத் தெருவும் எதிர்ப் பக்கத்து பஸ் நிறுத்தமும் தெரியும். வீட்டுச் செருப்போடு ஒருவர் நடுத்தெருவில் நிற்கிறார். மேலே கோட்டு இல்லை. உள்ளங்கையை உயர்த்தி வருகிற கார்களை நிறுத்துகிறார். அந்தச் சட்டை நான் தேய்த்த சட்டை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. யாரோ பார்வையாளர் வெளியே வந்தபோது திறந்த கதவு வழியாக இவரும் நழுவியிருக்கிறார். நான் போய்ச் சேருவதற்குள் ஒரு வேன் கிறீச்சென்று நின்றது. நல்லவேளை, வேன் அவரைத் தொடவில்லை. ஆனால் சத்தத்தில் திடுக்கிட்டுத் தடுமாறி, கையை ஊன்றி விழுந்தார். நான் தாங்கிப் பிடித்தபோது வலியில் முகம் வெளுத்திருந்தது. அப்போதும் என்னைத் தள்ளிவிட்டு எதிர்ப் பக்கம்தான் பார்த்தார்.

"உயரப் பொண்ணு வரேன்னு சொல்லுச்சு. இன்னும் வரல. அது ஏறாம நான் எப்படி வண்டியை எடுக்கிறது?"

மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள்.

மறுநாள் ஹெட் நர்ஸ் அறையில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஹெட் நர்ஸ், டீச்சரம்மா, பஸ்காரரின் மகள், குச்சி. எனக்கு இந்த ஊர் பாஷை நன்றாக வரும் என்பதால் பேச்சில் இடறினால் உதவுவதற்கு என்னையும் கூப்பிட்டார்கள். பஸ்காரர் மகள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் நிலையில் நான் இருந்தால் மேஜையையே புரட்டியிருப்பேன்.

"எங்கப்பாவுக்கு என் பேரே மறந்துபோச்சு. ஆனா யாராவது வரேன்னு சொன்னா அது மட்டும் மறக்காது. கடைசிப் பிள்ளை ஏறாம அவர் வண்டி எடுத்ததே இல்லை. அதைத் தெரிஞ்சுக்கிட்டு, தொல்லை பண்ணாம இருக்கட்டும்னு யாரோ தினமும் அவர்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. மறதிக்காரர்தானே என்று வாய்க்கு வந்த வாக்குக் கொடுத்துவிட்டுப் போவது. அதைச் செய்தவளுக்குச் சான்றிதழ் கையில் கொடுக்கமாட்டார்கள்.

ஹெட் நர்ஸ் குச்சியிடம் கேட்டார். "திரும்பி வரேன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சத்தியமா இல்லைங்க. ஒரு நாளும் சொல்லல. வேலை முடிஞ்சா சொல்லிட்டுத்தான் கிளம்புவேன்."

"என்ன சொல்லிட்டு?"

குச்சி இந்த ஊர் பாஷையில் அந்தச் சொல்லைச் சொன்னாள். சொன்னது அவள் காதில் விழவில்லை, என் காதில் விழுந்தது. அச்சு அசலாக, "வரேன்."

ஹெட் நர்ஸ் தலையாட்டினார். அந்த அம்மாள் குரலில் கோபம்கூட இல்லை. "எங்கிட்டயும் தினம் அதைத்தான் சொல்றீங்க. முதல்ல, எதையோ மறந்து வச்சிட்டுப் போறீங்க, எடுக்க வருவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் பழகிடுச்சு. எனக்குப் பழகும். அவருக்குப் பழகாது. அவருக்கு தினமும் புதுசு."

குச்சி பேயறைந்த மாதிரி என் பக்கம் திரும்பினாள். தமிழில் கேட்டாள். "அண்ணி, கிளம்பும்போது நாம வேற என்னதான் சொல்லுவோம்?"

நான் விளக்கினேன். எங்கள் பாஷையில் கிளம்பும்போது வருகிறேன் என்றுதான் சொல்வோம், அதற்கு இப்போதே வருகிறேன் என்று அர்த்தம் இல்லை, அவள் அதை மனதுக்குள் அப்படியே புரட்டிச் சொல்லியிருக்கிறாள் என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது நொண்டிச் சாக்கு மாதிரி இருந்தது.

"அப்ப போறதுக்கு உங்க பாஷையில வார்த்தையே கிடையாதா?" என்றார் டீச்சரம்மா.

"இருக்கு. சொல்லமாட்டோம்."

"ஏன்?"

"அப்படிச் சொன்னா ஒரேயடியா போறதுன்னு ஆயிடும்."

"வரப்போறதில்லைன்னு தெரிஞ்சிருந்தாலும் வரேன்னுதான் சொல்வீங்களா?"

"தெரிஞ்சிருந்தாலும்."

பஸ்காரர் மகள் என்னையே பார்த்தாள். "அப்ப உங்க ஊர்ல காத்துக்கிட்டு இருக்கிறவங்க எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?"

குச்சி குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேர்வை பஸ்காரரை வைத்தே நடத்துவது. அவர் மகளும் பக்கத்தில் இருப்பாள். குச்சி மாலை வேலையை முடித்து அவரிடம் விடைபெற வேண்டும். அதற்குப் பிறகு அவர் வாசலைப் பார்த்து உட்காராமல் சாப்பிட்டால் தேர்ச்சி. "இல்லைன்னா இவங்க யாரையும் தொடவே வேண்டாம்" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

தேர்வுக்கு முன்னால் வீட்டில் ஒத்திகை. சமையலறை நாற்காலியில் நான்தான் பஸ்காரர். கழுத்திலிருந்து துண்டைக் கட்டி அதில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டேன். குச்சி எல்லாவற்றையும் மணி மணியாகச் செய்தாள். விடைபெறும் இடம் வந்தால் மட்டும், "நான் போ…" என்று ஆரம்பித்து, "…யிட்டு வரேன்" என்று முடித்தாள்.

"அதென்ன நாக்குல முள்ளா குத்துது? போறேன். சொல்லு."

"போ… போயிட்டு…"

"ஏய்!"

பக்கத்து அறையிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். "விளக்கு வச்ச வீட்டுல போறேன் போறேன்னு என்ன பேச்சு? அபசகுனமா!"

"நீங்க சும்மா இருங்க! உங்க தங்கச்சி பெட்டியைக் கட்டப் போறா, அதுதான் அபசகுனம்!" என்று நான் கத்தினேன். "அடியே, இந்த ஊர் பாஷையிலதானேடி சொல்லப் போற? அதுல சகுனம் எங்க வந்துச்சு?"

"பாஷையில இல்லை அண்ணி, நாக்குல இருக்கு" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க மாமனார் எப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் வரேன்மான்னுதான் சொல்வார். கடைசித் தடவை போறேன்மான்னார். நான்தான் ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சிருந்தேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்கு அவளை அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை. துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தச் சொல் அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை.

தேர்வு அன்று, துவைத்த துணிகளை அறை அறையாகக் கொடுக்கும் தள்ளுவண்டியோடு நான் பஸ்காரர் அறை வாசலில் போய் நின்றுகொண்டேன். அங்கே எனக்கு வேலை இல்லை. யாரும் விரட்டவும் இல்லை.

குச்சி கதவைத் தட்டினாள். பெயரைச் சொன்னாள். சட்டை மாற்றலாமா என்று கேட்டு, அவர் தலையாட்டும்வரை காத்திருந்தாள். பழைய சட்டையைக் கழற்றும்போது நல்ல கையை முதலில், கட்டுப்போட்ட கையைக் கடைசியில். புதியதை மாட்டும்போது கட்டுப்போட்ட கையை முதலில். அதை மறந்து நல்ல கையில் ஆரம்பித்தால் முறிந்த கையை முறுக்க வேண்டி வரும். அவள் மறக்கவில்லை. விழுந்ததிலிருந்து அவரை உட்கார வைத்திருந்த சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். டீச்சரம்மா ஓரமாக நின்று எழுதிக்கொண்டே இருந்தார். மகள் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சாயங்கால வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது. பஸ்காரர் வாசல் பக்கம் திரும்பினார். "நேரமாச்சு. வண்டி கிளம்பணும். ஒரு ஆள் வரணும்."

குச்சி அவர் கண்ணுக்கு நேராக வருமாறு முழங்காலிட்டாள். அவ்வளவு உயரமானவள் அப்போது சின்னதாகத் தெரிந்தாள். "ஐயா, என் வேலை முடிஞ்சுது. நான்…"

நின்றுவிட்டாள். டீச்சரம்மாவின் பேனாவும் நின்றது. சொல்லித் தொலையேன்டி, சொல்லித் தொலையேன் என்று தள்ளுவண்டியின் கம்பியை நெரித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்காரர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவரே கேட்டார். "வர்றியாம்மா?"

தலையை ஆட்டினால் போதும், அவர் சந்தோஷப்பட்டுவிடுவார்.

"இல்லைங்க ஐயா. நான் போறேன்."

சொல்லிவிட்டாள். மகள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன். இன்னிக்கு இனிமே வரமாட்டேன். எனக்காக நீங்க வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம்."

அவர் முகம் சுருங்கியது. அழப் போகிறார், இல்லை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கணக்குத் தீராதவர் மாதிரி இன்னொரு கேள்வி கேட்டார். "அப்ப உன்னை யாரு கூட்டிட்டுப் போறாங்க?"

குச்சி திரும்பி என்னைக் காட்டினாள். "எங்க அண்ணி. அதோ நிக்கிறாங்க பாருங்க."

பஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கேட்டு வந்த ஆளைப் பார்க்கிற பார்வை. நான் ஏனோ முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி ஏப்ரனைச் சரிசெய்துகொண்டேன்.

"நீ இவளுக்குச் சொந்தமா?"

"ஆமாங்க."

"பத்திரமா கூட்டிட்டுப் போ" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "என்ன வேடிக்கை பார்க்கிற? பசிக்குது. நாற்காலியைத் திருப்பு" என்றார்.

நாங்கள் நடைபாதையில் நடந்தோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து, "வாய் எரியுது அண்ணி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து டீச்சரம்மா வந்தார். பஸ்காரர் சூப்பைக் குடித்துவிட்டார், ரொட்டியையும் சாப்பிட்டார், வாசல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்றார். குச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகள் வரவில்லை. ஆனால் மறுநாள் சலவைக்கு வந்த துணியில் பஸ்காரரின் சட்டையை அவளே மடித்து வைத்திருந்தாள். எனக்கு அது போதும்.

மறுநாள் காலை ஊருக்கு வீடியோ போன் போட்டோம். அங்கே மாலை. வயர்மேன் வாசலில் நின்று பேசினார். தலைக்கு மேல் லைட் எரிந்தது. "பாஸா? பாஸா?" என்று குதிக்காத குறை. என் வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார்.

பாப்பா போனைப் பிடுங்கினாள். "அம்மா பாஸ்னா, அப்ப வர்றியா?"

குச்சி வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அத்தனை நாளும் வந்ததுதான். ஆனால் அவள் அதை மென்று விழுங்கினாள்.

"இல்லடா. அம்மா வரமாட்டேன்."

நான் அவள் தொடையில் கிள்ளினேன். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளையிடம் இதையா சொல்வது! அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"அம்மாவுக்கு இங்க ஒரு வருஷம் வேலை இருக்கு. அதுக்கப்புறம் நீயும் அப்பாவும் இங்க வர்றதுக்கு அனுமதி கேட்டு வாங்குவேன். அதுவரைக்கும் அம்மா அங்க வரமாட்டேன்டா."

பாப்பா அழவில்லை. யோசித்தாள். "இன்னிக்கு வரமாட்டியா?"

"இன்னிக்கு வரமாட்டேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டேன்டா."

"அப்ப நான் வாசல் லைட்டை அணைச்சிடவா?"

வயர்மேன் நிமிர்ந்து தலைக்கு மேல் பார்த்தார். பிறகு போனுக்குள் எங்களைப் பார்த்தார்.

"அணைச்சிடுடா தங்கம்" என்றாள் குச்சி. சுவிட்ச் தட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.